தோல் மெலிந்த கொள்ளு

கல்லூரியில் நான் தாவரவியல் நடத்திய காலத்தில், பயிர்களின் பிறப்பு என்றாலே கோதுமை, பார்லி, நெல்தான். எங்கள் கொங்கு வீடுகளில் வாரம் தவறாமல் கடையும் கொள்ளுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்காது. அந்தக் குறையை 2017இல் தொல்தாவரவியல் ஆய்வாளர்களான சார்லின் மர்ஃபியும் டோரியன் ஃபுல்லரும் ஓரளவு தீர்த்துவைத்தார்கள். தென்னிந்திய அகழாய்வுகளில் கிடைத்த கரிந்த கொள்ளு விதைகளை ஸ்கேன் செய்தார்கள்.

அவர்கள் தேடியது விதைத் தோலின் தடிமனை. காட்டுச் செடியின் விதைக்குத் தோல் தடிமன். தண்ணீர் எளிதில் புகாது. ஒரே மழைக்கு எல்லாம் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் காய்ந்துபோனால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு என்று பிரிந்து முளைக்கும். செடிக்கு லாபம், உழவருக்கு நட்டம். விதைத்ததும் முளைத்தவைதான் அறுவடைக்கு வரும். மறுபடி விதைக்கப் போவதும் அவையே. யாரும் திட்டமிடாமலே மெல்லிய தோல்காரர்கள் பெருகிவிடுவார்கள்.

அளப்பதுதான் பாடு. தலைமுடியைவிட மெல்லியது அந்தத் தோல். முன்பெல்லாம் விதையை உடைத்து, உடைந்த விளிம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விதையும் போகும், கிடைப்பதோ சில இடங்களின் அளவு மட்டும். அதனால் இவர்கள் நாடியது இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் டயமண்ட் சின்க்ரோட்ரானை. அது 500 மீட்டருக்கும் அதிகச் சுற்றளவுள்ள வளையம். ஏறத்தாழ ஒளி வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது தீவிரமான எக்ஸ் கதிர் பிறக்கிறது. அதன் முன்னால் விதையைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் படமெடுத்து, கணினியில் சேர்த்தால் முப்பரிமாண விதை ஒன்று திரையில் நிற்கும். அதை எங்கே வேண்டுமானாலும் அறுத்து அளக்கலாம். உண்மை விதையில் கீறல்கூட விழாது.

ஸ்கேன் செய்த விதைகள் கி.மு. 2000 முதல் கி.பி. 1200 வரையிலான காலத்தவை. அவற்றில் முந்தைய விதைகளின் தோல் தடித்தும், பிந்தையவற்றின் தோல் மெலிந்தும் இருந்தன. மெல்லிய தோல் நிலைபெற்றது கி.பி. தொடக்க நூற்றாண்டுகளில்தான். வேளாண்மையை யாரோ ஒருநாள் கண்டுபிடித்ததாக இன்னும் மேடையில் முழங்குகிறவர்களிடம் இதைக் காட்ட வேண்டும். அத்தனை தலைமுறைகளும், முளைக்காத திட்டுகளைப் பார்த்து மழையைத்தான் நொந்திருக்கும்.

ஸ்கேனால் இன்னொரு லாபமும் உண்டு. விதையின் வயதை ரேடியோ கார்பன் முறையில் கணிக்க அதை எரித்தாக வேண்டும். ஸ்கேனை முதலில் முடித்துவிட்டால், எரித்த பிறகும் திரையில் தோலை அளந்துகொண்டே இருக்கலாம்.