சொப்பு அடுக்களை

மணலால் சிற்றில் கட்டிச் சிறுசோறு ஆக்குதல் சிறுமியரின் பழைய விளையாட்டு. அச்சிற்றிலைச் சிறுவன் சிதைப்பதைப் பாடும் 'சிற்றில் சிதைத்தல்', ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஒன்று. சிதைந்தால் என்ன? அதே மணலில் வேறொரு வீடு எழும். மாற்றி அமைக்க இயல்வதே அவ்விளையாட்டின் சிறப்பு.

மரச்சொப்புகளும் அவ்வாறு அமையலாம். ஆந்திரப் பிரதேசத்தின் ஏட்டிகொப்பாக்காவில், தெலுங்கில் 'அங்குடு' எனப்படும் வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மைகள் செய்கின்றனர். விதை, பட்டை, வேர் முதலியவற்றின் சாயத்தை அரக்கில் கலக்கின்றனர். சுழலும் மரத்தின்மீது அரக்கை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அது உருகிப் படியும். இப்பொம்மைகள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன.

சொப்பு அடுக்களையை வடிவமைப்போர் அதன் உறுப்புகளை ஒட்டிவிடலாகாது. மூடியைத் திருப்பினால் தட்டாகவும், அடுப்பைக் கவிழ்த்தால் மணையாகவும் மாற வேண்டும். விழுங்கத்தக்க சிறு துண்டுகளும் கூரிய முனைகளும் கூடா. எல்லாம் முன்பே முடிவான பொம்மையைக் குழந்தை பார்த்து மகிழும். மாற்றத்தக்க பொம்மையைக் கொண்டோ தானே ஓர் அடுக்களையைப் படைக்கும்.

செயல்பாடு: சத்தியவேட்டில் உங்கள் வீட்டுப் பெரியோரிடம், அவர்கள் விளையாடிய சொப்புகளின் தமிழ், தெலுங்குப் பெயர்களைக் கேட்டு எழுதுக. ஒரே சொப்பு எத்தனை பொருள்களாக மாறியது எனவும் குறிப்பிடுக.