தானுந்து வெண்புகை

தானுந்து வெண்புகை என்பது காரின் சைலன்சர் குழாயில் இருந்து வெண்ணிறமாக வெளிவரும் நீராவி அல்லது புகை ஆகும். இது சில வேளைகளில் இயல்பானது. வேறு சில வேளைகளில் என்ஜின் எனப்படும் பொறியின் உள்ளே ஏற்பட்ட பழுதைக் காட்டும் அறிகுறி. வெண்ணிறமாகத் தெரிவது பெரும்பாலும் காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளோ எரியாத எரிபொருள் துளிகளோ ஆகும். எனவே அத்துளிகள் எங்கிருந்து வந்தன என்று அறிவதே பழுதறிதலின் முதற்படி.

இயல்பான நீராவி

பெட்ரோலிலும் டீசலிலும் ஐதரசன் உள்ளதால் அவை எரியும்போது நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறும். சூடான நிலையில் இவ்வாவி கண்ணுக்குப் புலப்படாது. குழாயும் வெளிக்காற்றும் குளிர்ந்திருந்தால் துளிகளாக மாறி வெண்மையாகத் தெரியும். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் காலை வேளையில் இதை எளிதில் காணலாம். திருநெல்வேலி போன்ற வெப்பமான சமவெளியில் மழைக்கால விடியலில் சிறிது நேரம் தோன்றக்கூடும். இது சில நிமிடங்களில் மறைந்துவிடும். பொறி நன்கு சூடேறிய பின், நண்பகலிலும் தொடரும் வெண்புகைக்குக் குளிரைக் காரணம் கூற இயலாது.

பழுதினால் தோன்றும் புகை

குளிர்விப்பு நீர்க் கசிவு: பொறியின் மேற்பகுதிக்கும் உருளைத் தொகுதிக்கும் இடையில் உள்ள தகடு ஹெட் கேஸ்கெட் எனப்படும். இது சிதைந்தாலோ மேற்பகுதியில் விரிசல் விழுந்தாலோ கூலண்ட் உருளைக்குள் கசிந்து ஆவியாகும். புகை அடர்த்தியாகவும் இனிய மணத்துடனும் இருக்கும். பொறி மிகையாகச் சூடாவதே இதற்கு முதன்மையான காரணம். திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளில் நெரிசலின்போது வண்டி ஊர்ந்தே செல்லும். அப்போது ரேடியேட்டர் மீது எதிர்க்காற்று வீசாது. மின்விசிறி மட்டுமே அதைக் குளிர்விக்கும். விசிறி பழுதானாலோ ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றியதால் ரேடியேட்டரில் உப்பு படிந்திருந்தாலோ வெப்பம் விரைவில் உயரும்.

எரியாத டீசல்: டீசல் வண்டியில் இன்ஜெக்டர், சூடேற்றும் பிளக் ஆகியவற்றின் பழுதாலும், உருளையில் அமுக்கம் குறைவதாலும் டீசல் எரியாமல் வெளியேறும். இப்புகையில் டீசல் நெடி இருக்கும், கண் எரியும்.

என்ஜின் ஆயில் எரிவதால் வரும் புகை நீலம் கலந்தது. இதனை வெண்புகை எனத் தவறாகக் கொள்வதுண்டு.

கண்டறியும் முறை

1. புகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, என்ன நெடி உள்ளது என்று சற்று விலகி நின்று கவனிக்க வேண்டும்.
2. பொறி ஆறிய பின் கூலண்ட் அளவைப் பார்க்க வேண்டும். வெளியே ஒழுக்கு இல்லாமலே அளவு குறைந்து வந்தால் அது உள்ளே கசியக்கூடும். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும்.
3. ஆயில் அளவுகோலில் பால் கலந்த தேநீர் போன்ற நிறம் தெரிந்தால் ஆயிலில் நீர் கலந்துள்ளது.
4. பட்டறையில் ரேடியேட்டருக்கு அழுத்தச் சோதனையும் உருளைகளுக்கு அமுக்கச் சோதனையும் செய்வர். கூலண்டில் எரிவளிமம் கலந்துள்ளதா என்பதை நீல நிறக் கரைசல் மஞ்சளாக மாறுவதைக் கொண்டு அறியலாம்.

வெள்ளநீர் புகுந்த வண்டிகள்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி பெருக்கெடுத்துத் திருநெல்வேலி சந்திப்பு, கொக்கிரகுளம் ஆகிய பகுதிகளில் நீர் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சாவியைத் திருகி ஓட்டிப் பார்ப்பதே பெருந்தீங்கு விளைவிக்கும். நீர் காற்றைப் போல அமுங்காது. உருளையில் நீர் இருக்கையில் பிஸ்டன் மேலெழுந்தால் அதன் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். நீர் புகுந்த பின் ஓட்டியதால் விளைந்த சேதத்திற்குச் சாதாரணக் காப்பீட்டில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

அவ்வண்டியின் மின்கல இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அங்கே பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலையும் வடிகட்டிகளையும் மாற்றிய பின்னரே பொறியை இயக்குவர். சைலன்சரில் தங்கிய நீர் ஆவியாகும் வரை வெண்புகை வருவது இயல்பு. அதன் பின்னரும் நிற்காவிடில் மேற்கூறிய சோதனைகள் தேவை.

சரிசெய்தல்

கேஸ்கெட் பழுது உறுதியானால் வண்டியை மேலும் ஓட்டலாகாது. கூலண்ட் குறைந்து பொறி இறுகிப்போகலாம். பொறியின் மேற்பகுதியைக் கழற்றி, அது சமதளமாக உள்ளதா என்று அளந்து, வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சீவிய பின்னரே புதிய கேஸ்கெட்டைப் பொருத்துவர். போல்ட்டுகளை நடுவில் இருந்து வெளிநோக்கி, தயாரிப்பாளர் குறித்த வரிசையிலும் முறுக்கு அளவிலும் இறுக்குதல் வேண்டும். ஆயிலும் கூலண்டும் புதிதாக ஊற்றப்படும். ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பு மருந்துகள் தற்காலிகமானவை. பொறி சூடானதற்கான மூல காரணத்தைக் களையாவிட்டால் புதிய கேஸ்கெட்டும் விரைவில் பழுதாகும்.