சாய்நிலமும் மோட்டார்க் கதவும்

வீட்டுக் கதவைப் பற்றி நம் தச்சர் நெடுங்காலமாக அறிந்த உண்மை ஒன்று உண்டு. நிலை நேராக நில்லாதவிடத்துக் கதவும் நிறுத்திய இடத்தில் நில்லாது என்பதே அது. ஆதலினாலேயே நிலையை நாட்டும்போது அவர் தூக்குநூலைப் பலகாற் பிடித்துப் பார்க்கின்றார். நிலை சிறிது சாய்ந்துவிடின், திறந்துவிட்ட கதவு யாருந் தொடாமலே மெல்ல வந்து சாத்திக்கொள்ளும். அன்றேல், சாத்திய கதவு தானே திறந்து சுவரைச் சாரும். வீட்டார் கல்லொன்றை முட்டுக் கொடுத்து அமைதியடைவர். குற்றமோ கதவினதன்று, நிலையினது.

மலைநாட்டு வீதிகளில் மோட்டார் வண்டியை நிறுத்தி இறங்குவோர் படும் இடர்ப்பாடும் இவ்வகையினதே. நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ ஏற்றத்தை நோக்கி வண்டி நிற்கின்றது. கதவைத் திறந்து ஒரு காலை நிலத்தில் ஊன்றுகின்றோம். மற்றைக் கால் வெளியே வருமுன் கதவு திரும்பி வந்து கணைக்காலில் மோதுகின்றது. கதவு பழுதுபட்டதென்று சாரதியைக் கடிந்துகொள்வாரும் உளர். யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் அதே கதவு திறந்தபடி அசையாது நின்றதை அவர் நினைந்து பார்ப்பதில்லை.

வேறுபாடு யாது? வீட்டுக் கதவின் நிலை ஒருமுறையே நாட்டப்படுகின்றது. மோட்டார்க் கதவின் நிலையோ வண்டி நிறுத்தப்படுந்தோறும் புதிதாக நாட்டப்படுகின்றது. அவ்வேளை தூக்குநூல் பிடிப்பார் எவருமிலர். வீதி எவ்வாறு சாய்ந்துள்ளதோ, கதவு சுழலும் பிணைச்சல்களின் அச்சும் அவ்வாறே சாய்கின்றது. அச்சுச் சாய்ந்தவுடன் கதவின் பாரம், தான் சென்றடையத்தக்க மிகத் தாழ்ந்த இடத்தை நாடுகின்றது.

இன்றைய வண்டிகளுட் பெரும்பாலானவற்றிற் பிணைச்சல் கதவின் முன்விளிம்பில் உள்ளது. ஆதலின், வண்டி ஏற்றத்தை நோக்கி நிற்கும்போது தாழ்ந்த இடம் பின்புறமாகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. இறக்கத்தை நோக்கி நிற்கும்போது அது முன்புறமாகிறது. கதவு கையை மீறி அகலத் திறந்து பிணைச்சலை வருத்துகிறது. பின்விளிம்பிற் பிணைச்சல் அமைந்த கதவுகளுக்கு இவ்விதி தலைகீழாகும். 1957 இல் வெளிவந்த பியற் 500 என்னும் இத்தாலியச் சிறு வண்டியின் கதவுகள் அத்தகையன. 1965 இல் வந்த அதன் புதிய வடிவத்திற் பிணைச்சல் முன்விளிம்புக்கு மாற்றப்பட்டது.

சமநிலத்தில் வாழ்வோரும் இவ்விதிக்குப் புறம்பானவரல்லர். மழைநீர் வடியும்பொருட்டு வீதிகள் நடுவில் உயர்ந்தும் கரைகளில் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. இடக் கரையில் நிறுத்திய வண்டியின் வலக் கதவு மேட்டுப் புறத்தது; அது சாத்திக்கொள்ள முயலும். இடக் கதவு பள்ளப் புறத்தது. அது மேலும் திறக்க முயலும். சாய்வு சிறிதாதலின் முயற்சியும் சிறிதாகவே தோன்றும்.

இம்முயற்சியை அடக்க வண்டி செய்வோர் ஓர் உபாயம் வைத்துள்ளனர். கதவையும் வண்டியின் தூணையும் இணைத்து ஒரு சிறிய இரும்புப் பட்டை உண்டு. அதில் இரண்டோ மூன்றோ பள்ளங்கள் இருக்கும். கதவைத் திறக்கும்போது, வில்லினால் அழுத்தப்பட்ட உருளை ஒன்று அப்பள்ளத்தில் விழுந்து கதவை நிறுத்துகின்றது. கதவை அரைகுறையாகத் திறந்தால் உருளை பள்ளத்தை எட்டாது. ஆண்டுகள் பல செல்ல, பள்ளமும் உருளையும் தேய்ந்து வில்லும் தளரும். அந்நிலையிற் சமநிலத்தில் நிற்குங் கதவு மலையில் நில்லாது.

கதவு தள்ளும் வலிமையைச் சிறிது கணித்துப் பார்ப்போம். கதவின் நிறை 25 கிலோகிராம், வீதியின் சாய்வு பத்துக்கு ஒன்று, ஏறத்தாழ 6 பாகை, எனக் கொள்க. அப்போது நிறையின் பத்திலொரு பங்கு, அதாவது இரண்டரைக் கிலோகிராம் நிறைக்கு ஒத்த விசை, சாய்வின் வழியே இழுக்கும். சாய்தளத்திற் பாரம் இவ்வாறு பங்குபடுதலைச் சீமோன் ஸ்தெவின் என்னும் அறிஞர் 1586 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கதவின் பாரமையம் பிணைச்சலிலிருந்து அரை மீற்றர் தொலைவில் உள்ளதெனின், செங்கோணமாகத் திறந்த கதவு சாத்தும்போது அம்மையம் 5 சென்ரிமீற்றர் தாழ்கிறது. 5 கிலோகிராம் கல்லொன்றை 25 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கைவிடுதற்கு இது நிகராகும். அவ்வடி முழுவதும் கதவின் ஒடுங்கிய விளிம்பில் வந்து இறங்குகிறது.

இக்கணக்கின் பொருளை அறிய முதியோர் இறங்குதலைப் பார்த்தல் வேண்டும். பின்னாசனத்திலிருந்து எழும் முதியவர் பற்றுக்கோடாக எதைப் பிடிக்கின்றார்? முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்குந் தூணைப் பிடிக்கின்றார். குழந்தையும் அதையே பிடிக்கின்றது. திறந்திருக்கும் முன்கதவு வந்து சாத்தும் இடமும் அதுவே. முன்னே இருந்தவர் இறங்கி, கதவை விட்டு நடந்துவிட்டால், தூணிற் பதிந்த விரல்களின் கதி என்னவாகும்?

ஆதலின் சாய்நிலத்தில் இறங்குவோர் சிலவற்றைக் கைக்கொள்ளல் நன்று. கதவை உருளை பள்ளத்தில் விழும் ஒலி கேட்கும்வரை முற்றத் திறத்தல் வேண்டும். ஒருவர் கீழே நின்று கதவைப் பிடித்திருக்க மற்றவர் இறங்குதல் வேண்டும். முதியோருக்குத் தூணைக் காட்டாது நம் கையைக் கொடுத்தல் வேண்டும். பின்னாசனத்தார் யாவரும் இறங்கித் தூணை விட்டு நீங்கும்வரை முன்கதவைக் கைவிடலாகாது. தேய்ந்த பட்டையைக் காலந் தாழ்த்தாது மாற்றுதலும் வேண்டும். அது சிறு செலவென்று ஒதுக்கத்தக்கதன்று.

பெரியோர் இறங்கும்போது இளையோர் கதவைப் பிடித்து நிற்றலை வெற்று உபசாரமென்று எண்ணுவார் இக்காலத்துப் பலர். சமநிலத்தில் அவ்வாறு எண்ணினும் கேடில்லை. மலைச்சரிவிலோ, அந்தக் கை விலகிய கணத்திலேயே கதவு தன் வழியிற் செல்லத் தொடங்கிவிடும்.