அக்ராவில் ஒரு சிக்கன விடுதி

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் தலைநகருக்கு அக்ரா என்று பெயர். தாஜ்மகால் இருக்கும் நம் ஆக்ராவுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவரில் சிலர், இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கவோ, மருந்து, துணி முதலியவற்றின் வியாபாரத்தை நாடியோ அங்கே போய் வருகிறார்கள். பெரிய நிறுவனத்தின் செலவில் போகிறவருக்கு நட்சத்திர ஓட்டல்கள் இருக்கின்றன. அவரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சொந்தப் பணத்திலோ, அளந்து கொடுத்த படியிலோ பத்து நாள், ஒரு மாதம் என்று தங்க நேர்கிறவர் நாடுவது, ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்று அங்கே வழங்கும் சிறு விடுதியை. அத்தகைய விடுதியை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலேயர் ‘தங்கக் கடற்கரை’ என்று பெயரிட்டு ஆண்ட காலத்தில், 1877 ஆம் ஆண்டில், தலைநகரைக் கேப் கோஸ்டிலிருந்து அக்ராவுக்கு மாற்றினார்கள். 1957 மார்ச் 6 ஆம் நாள் குவாமே நிக்ருமா விடுதலையை அறிவித்ததும் இந்த ஊரில்தான். எறும்பைக் குறிக்கும் ‘நிக்ரான்’ என்ற சொல்லே மருவி அக்ரா ஆயிற்று என்பர். ஊரின் சந்தடியைப் பார்த்தால் பெயர் பொருத்தமே எனத் தோன்றும். 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அக்ரா பெருநகர வட்டாரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 54 லட்சம். ஆங்கிலமே ஆட்சிமொழியாதலால் பேச்சுக்குத் தடை இல்லை.

சிக்கன விடுதிகள் மிகுதியும் ஒசு, அடபிராக்கா, அசைலம் டவுன், கொகொம்லெம்லே ஆகிய பகுதிகளில் இருக்கின்றன. 1906 இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனையை ஒட்டியிருப்பதால் அசைலம் டவுனுக்கு அந்தப் பெயர் வந்தது. அதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. விடுதி என்றவுடன் நம் ஊர் லாட்ஜைப் போல நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உள்ள ஒரு வீடு. சொந்தக்காரர் ஒரு பகுதியில் குடியிருப்பார். அல்லது வேறிடத்தில் இருந்துகொண்டு, பொறுப்பை ஒரு பெண்மணியிடமோ இளைஞரிடமோ ஒப்படைத்திருப்பார். ‘செல்ஃப் கன்டெயின்ட்’ என்று சொன்னால் குளியலறை உள்ளேயே இருக்கும் அறை என்று பொருள். மின்விசிறி அறைக்கு ஒரு வாடகை, குளிர்சாதன அறைக்கு வேறொரு வாடகை. புதிதாக வருகிறவர் கட்டிலையும் விரிப்பையும் சுவரின் வண்ணத்தையும் பார்த்துவிட்டு வாடகையைப் பேசத் தொடங்குகிறார். அவற்றைப் பார்ப்பது தவறன்று. ஆனால் அந்த ஊரில் ஓர் அறை வசிக்கத் தக்கதா என்பதை நிர்ணயிப்பவை பெரும்பாலும் அறைக்கு வெளியே இருக்கின்றன.

முதலாவது தண்ணீர். அக்ராவுக்குக் குழாய் நீர் மேற்கே டென்சு ஆற்றின் வெய்ஜா அணையிலிருந்தும், கிழக்கே வோல்ட்டா ஆற்றங்கரையிலுள்ள பொங்கிலிருந்தும் வருகிறது. வளர்ந்துகொண்டே போகும் நகரத்துக்கு அது போதுவதில்லை. பல பகுதிகளில் முறை வைத்துத்தான் வரும். அதனால் ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் உயரமான மேடைமேல் கரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிற்பதைக் காணலாம். அறையைக் காட்டும்போதே அந்தத் தொட்டியையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை அறைகளுக்கு அந்தத் தண்ணீர், குழாயில் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும், தீர்ந்தால் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். சென்னையில் கோடைகாலம் கழித்தவருக்கு இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குளியலறையில் ஒரு பெரிய வாளி நிரம்பியிருந்தால் அது ஏழ்மையின் அடையாளமன்று. நடத்துபவரின் முன்யோசனையைக் காட்டுவது. குளிப்பதற்கு அந்தத் தண்ணீர் போதும், குடிப்பதற்கு ஆகாது. குடிப்பதற்கு, அரை லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பைகளில் ‘பியூர் வாட்டர்’ என்று தெருவெங்கும் விற்கிறார்கள். முப்பது பைகள் கொண்ட மூட்டையாக வாங்கி அறையில் வைத்துக்கொள்வது சிக்கனம்.

இரண்டாவது மின்சாரம். கானாவில் இதற்கென்றே ஒரு சொல் பிறந்திருக்கிறது: ‘தும்சோர்’. அக்கான் மொழியில் ‘தும்’ என்றால் அணை. ‘சோ’ என்றால் ஏற்று. 1966 இல் தொடங்கிவைக்கப்பட்ட அக்கோசொம்போ அணைதான் நெடுங்காலம் அந்த நாட்டின் விளக்கை எரித்தது. அதன் பின்னே தேங்கும் வோல்ட்டா ஏரி, பரப்பளவில் 8,500 சதுர கிலோமீட்டர். மழை குறைந்தால் ஏரி வற்றும்; ஏரி வற்றினால் ஊர் இருளும். 2012 இல், நைஜீரியாவிலிருந்து கடலடியில் எரிவாயு கொண்டுவரும் குழாய் ஒரு கப்பலின் நங்கூரம் பட்டுச் சேதமடைந்ததும் சேர்ந்துகொள்ள, 2016 வரை மக்கள் மிகவும் அவதிப்பட்டார்கள். அந்தக் கடுமை பின்னர் தணிந்ததாயினும், சொல் மறையவில்லை. மின்தடையும் அறவே ஒழிந்துவிடவில்லை.

விடுதியில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால் அத்துடன் திருப்தி அடைந்துவிடலாகாது. அது இரவு முழுவதும் ஓடுமா, பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களா? விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமா, குளிர்சாதனத்துக்கும் சேர்த்தா? இவற்றைத் தெரிந்துகொண்டபின் வாடகையைப் பேசலாம். தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நீண்ட நாள் தங்குவோரிடம், முன்பணம் செலுத்தி ஓட்டும் மீட்டரைக் காட்டி, மின்செலவை அவரையே ஏற்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. வாடகைக்குள் அது அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மின்னழுத்தம் நம் நாட்டைப் போல் 230 வோல்ட்டுதான். ஆனால் சுவரில் இருப்பது தட்டையான மூன்று முனைகள் செருகும் பிரிட்டிஷ் துளை. நம் உருண்டை முனைச் செருகிகளுக்கு ஓர் இணைப்பான் கொண்டுபோவது நலம்.

மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்வது வசதியைக் கருதி மட்டுமன்று. மின்சாரம் போனால் விசிறி நிற்கிறது. விசிறி நின்றால் புழுக்கம் தாளாமல் சன்னலைத் திறக்கிறோம். சன்னல் வழியே கொசு வருகிறது. ஆகவே ஜெனரேட்டர் பற்றிய கேள்வி, உண்மையில் மலேரியா பற்றிய கேள்வியாகவே முடிகிறது.

மலேரியா நமக்குப் புதிதா என்று நம்மவர் பலர் அலட்சியமாகக் கேட்பதுண்டு. நம் நாட்டில் பலருக்கு வந்துபோகும் வைவாக்ஸ் மலேரியா வாட்டி எடுக்குமேயன்றி உயிரைப் பறிப்பது அரிது. கானாவில் பெரும்பான்மையாக இருப்பது ஃபால்சிபரம் என்னும் வகை. சிகிச்சை தாமதித்தால் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. சிறுவயதில் ஊரில் கொசுக்கடி பட்டு வளர்ந்தவர் என்பதனால் எந்தக் காப்பும் கிடைத்துவிடுவதில்லை. புறப்படுவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அவற்றுள் சில மருந்துகளை ஊர் திரும்பிய பின்னும் ஒரு வாரமும், வேறு சிலவற்றை நான்கு வாரமும் விடாமல் சாப்பிட வேண்டும். இந்தக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. ஆகவே விடுதியில் நீங்கள் முதலில் கண்ணால் பார்க்க வேண்டியது, சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு வெளியே அடித்திருக்கும் வலை. அதில் கிழிசல் உண்டா என்று விரலால் தடவியே பாருங்கள். கட்டிலுக்கு மேல் வலை இல்லையெனில், மருந்து தோய்த்த கொசுவலை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகாமல் படுப்பதும், வலையே இல்லாமல் படுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மழைக்காலத்தில் செல்வோர் தெருவின் மட்டத்தையும் நோக்க வேண்டும். அங்கே மே, ஜூன் மாதங்களில்தான் பெருமழை. 2015 ஜூன் 3 ஆம் நாள் இரவு, நிக்ருமா வட்டம் என்னும் பேருந்துச் சந்திப்பருகே வெள்ளம் சூழ்ந்தபோது, ஒரு பெட்ரோல் நிலையத்தில் பலர் ஒதுங்கி நின்றார்கள். அங்கே ஏற்பட்ட வெடிவிபத்திலும் வெள்ளத்திலுமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாழ்ந்த தெருவில், பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி, தரைத்தள அறை மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. தெருப்பெயரும் கதவு எண்ணும் அங்கே அவ்வளவாகப் புழங்குவதில்லை. இன்ன மாதா கோயிலுக்கு எதிரே, இன்ன பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னே என்றுதான் வழி சொல்வார்கள். இக்குறையைப் போக்க 2017 இல் அரசு ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டு முகவரியை ஏற்படுத்தியது. விடுதிக்காரரிடம் இந்தக் குறியீடு, அருகிலுள்ள அடையாளம் இரண்டையுமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் ‘டிராப்பிங்’ என்று சொன்னால் வண்டி முழுவதும் உங்களுக்கு என்று பொருள். கட்டணத்தை ஏறுமுன் பேசிவிட வேண்டும். ‘ட்ரோட்ரோ’ எனப்படும் சிறு பேருந்துகள் மிக மலிவு. ஊர் பழகிய பின் அவற்றில் ஏறலாம்.

நாணயத்துக்குச் செடி என்று பெயர். சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு காலத்தில் மாலத்தீவுச் சோழிகள் இந்துமாக் கடலைக் கடந்து, ஐரோப்பியர் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே பணமாகச் செலாவணி ஆயின என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. விடுதிப் பணத்தை முழுவதும் முன்கூட்டியே அனுப்பிவிடாமல், முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, இடம் பிடித்தபின் வாரக் கணக்கில் பேசினால் வாடகையும் குறையும். நெடுநாள் தங்கினால் சலுகை கேட்பது அங்கே மரியாதைக்குறைவன்று.

கேட்கும் முறையில்தான் மரியாதை இருக்கிறது. காலை வணக்கம் சொல்லாமல் நேரே “வெந்நீர் ஏன் வரவில்லை?” என்று தொடங்குகிறவரை அங்கே பண்பற்றவராகக் கருதுவார்கள். முதலில் வணக்கம், பிறகு நலவிசாரணை, அதன் பின்னரே காரியம். வயதில் மூத்த பெண்மணியை ‘ஆன்ட்டி’ என்று அழைக்கலாம். இடக்கையால் பணம் கொடுப்பதும் பொருள் வாங்குவதும் அவமதிப்பு. இதில் நமக்குத் தொல்லை இல்லை. விடுதிக் காவலாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கடந்து போனால், “உங்களை அழைக்கிறேன்” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொல்வார். ‘வாருங்கள், சாப்பிடலாம்’ என்று நம் கிராமங்களில் திண்ணையிலிருந்து சொல்வார்களே, அதே உபசாரம்தான். நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்றும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. விடை சொல்லிவிட்டால் அன்று முதல் விடுதியில் உங்களுக்கு ஒரு புதுப் பெயர்.

சாப்பாட்டில் சைவருக்குத்தான் சோதனை. காராமணியும் அரிசியும் சேர்த்து, சோளத் தழையின் சாயம் ஏறச் சமைக்கும் ‘வாச்சே’ காலையில் தெருவோரம் இலையில் கட்டிக் கிடைக்கும். நம் நாவுக்கு உடனே பிடித்துவிடும். ஆயினும் அதன்மேல் ஊற்றும் ‘ஷிட்டோ’ என்னும் கரிய காரக் குழம்பில் கருவாட்டுப் பொடி உண்டு. அதை வேண்டாமென்று முன்பே சொல்ல வேண்டும். சமையலறையைப் பயன்படுத்த விடும் விடுதி கிடைத்தால் சிறிது வாடகை கூடுதலானாலும் கொள்ளத் தக்கது. ஊரில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன; பருப்பும் புளியும் கிடைக்கும்.

இனி, பயணத்தின் இரு முனைகளிலும் கேட்கப்படும் ஒரு தாளைப் பற்றிக் கூற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். காட்ட இயலாதவரை ஆறு நாள் வரை தனித்து வைக்கும் அதிகாரம் நம் அரசுக்கு உண்டு. அந்நோயைப் பரப்பும் கொசு நம் நாட்டிலும் மலிந்திருக்கிறது. நோய்தான் இன்னும் இங்கே வரவில்லை. ஆகவே அந்தக் கண்டிப்பு நியாயமானதே. அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே ஊசி போடப்படும். போட்டுக்கொண்ட பத்து நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று ஏற்பட்டிருக்கிறது.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்து, பயணத்தையே மறந்துபோன நிலையில் ஒருநாள் காய்ச்சல் வரலாம். ஃபால்சிபரம் கடித்த அன்றே தலைகாட்டுவதில்லை. ஒரு வாரம் கழித்தோ, ஒரு மாதம் கழித்தோ, சில வேளைகளில் மூன்று மாதம் கழித்தோ வரும். தில்லியிலோ மும்பையிலோ மருத்துவர் அதைப் பருவக் காய்ச்சல் என எண்ணி மாத்திரை எழுதிக் கொடுத்துவிடக்கூடும். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். கானாவிலிருந்து வந்தவன் என்பதையும், வந்த தேதியையும் நீங்களே முதலில் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.