ரோட்டில் சாவது தலைவிதியா?

வீதி விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? “அவன் விதி முடிஞ்சி போச்சு” என்கிறோம். இல்லாவிட்டால் “டிரைவர் கண்மண் தெரியாம ஓட்டிட்டான்”, “புள்ள பாத்துப் போயிருக்கணும்” என்று யாராவது ஒருவர் மேல் பழியைப் போடுகிறோம். அந்த ரோட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் சுவீடன் நாட்டில் 1997ஆம் ஆண்டு வீதி விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 540 பேர். அந்த ஆண்டு ஒக்டோபர் மாதம் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு முடிவெடுத்தது. வீதியில் ஒருவர்கூடச் சாகக் கூடாது, ஒருவர்கூடப் பலத்த காயம் அடையக் கூடாது என்பதே இனி நாட்டின் இலக்கு என்றது. இதற்கு ‘விஷன் சீரோ’, அதாவது ‘பூச்சிய இலக்கு’ என்று பெயர்.

இதன் அடிப்படை மிக எளிமையானது. மனிதன் என்றால் தவறு செய்வான். எவ்வளவு புத்தி சொன்னாலும் ஒரு நிமிடம் கவனம் சிதறும். தொழிற்சாலையில் மெசினின் பெல்ட்டுக்கு ஏன் மூடி போடுகிறார்கள்? கை தவறினாலும் விரல் போகக் கூடாது என்பதற்காகத்தானே! அதேபோல ரோட்டையும் அமைக்க வேண்டும் என்றார்கள். வாகனம் ஓட்டுபவருக்கும் நடப்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் ரோட்டைப் போடுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

உயிரைக் குடிப்பது வேகம்

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் மோதினால், நடந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் உயிர் பிழைத்துக்கொள்வார்கள். வேகம் கூடக் கூட அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். வேகம் 60 ஆனால் மோதும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு! ஆகவே ஆட்கள் நடமாடும் இடத்தில் வேகத்தைக் குறைப்பதே முதல் வேலை.

“மெதுவாகச் செல்லவும்” என்று போர்டு மாட்டினால் மட்டும் போதுமா? போதாது. ரோட்டே வண்டியை மெதுவாக்க வேண்டும். அதற்காக அங்கே செய்தவற்றில் சில:

1. ஊருக்குள் ரோட்டின் அகலத்தைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கினார்கள். ரோடு ஒடுக்கமானால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

2. ஆட்கள் கடக்கும் இடத்தை மேடாக உயர்த்தினார்கள். வண்டி அதில் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் வேகமாக வர முடியாது.

3. நாலு ரோடு சேரும் சந்திகளில் சுற்றுவட்டம் அமைத்தார்கள். அங்கே மோதல் நடந்தாலும், மெதுவாக, பக்கவாட்டில்தான் நடக்கும்.

4. நகரத்துக்கு வெளியே, எதிரெதிராக வரும் வாகனங்கள் நேருக்கு நேர் மோதாமல் இருக்க, நடுவில் கம்பி வடத் தடுப்புப் போட்டார்கள். இது 1998இல் முதலில் ஒரு நெடுஞ்சாலையில் தொடங்கியது. இப்படி மாற்றிய ரோடுகளில் உயிரிழப்பு சுமார் நாலில் மூன்று பங்கு குறைந்தது.

பலன் கிடைத்ததா?

2020ஆம் ஆண்டு சுவீடனில் வீதியில் இறந்தவர்கள் சுமார் 200 பேர். பூச்சியம் இன்னும் வரவில்லை. ஆனால் 1997இல் இருந்ததில் பாதிக்கும் குறைவு.

பக்கத்து நாடுகளும் இதே வழியில் நடந்தன. நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் வீதி விபத்தில் இறந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் காரில் போனவர். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 1980களில் ஆண்டுக்குச் சுமார் 30 பேர் வீதியில் இறந்தார்கள். இன்று அந்நகரின் பாதிக்கும் மேற்பட்ட வீதிகளில் வேக எல்லை 30 கிலோமீற்றர். 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை ஒரு வருட காலம் அங்கே ஒரு உயிர்கூட வீதியில் போகவில்லை!

இந்த ஊர் மக்களின் தலைவிதி திடீரென்று மாறிவிட்டதா? இல்லை. ரோடு மாறியது, வேகம் குறைந்தது, உயிர் தப்பியது.

நம் பிள்ளைகளும் ரோட்டோரமாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்காவது ஒரு விபத்து நடந்தால், “யார் மேல தப்பு?” என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். “இந்த எடத்துல வண்டி ஏன் இவ்வளவு வேகமா வருது? நடக்கிறவங்க ஒதுங்க எடம் இருக்கா?” என்றும் கேட்போம். அப்படிக் கேட்டால்தான் அடுத்த உயிரைக் காப்பாற்ற முடியும்.