நட்ட கன்றுக்கு நீர் ஊற்றும் முறை

மழைக்காலத்தில் பள்ளிவாசல் வளாகத்திலும் கபரஸ்தானிலும் வீட்டு வாசலிலும் மரக்கன்று நடுகிறோம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த நன்மை தொடர வேண்டுமானால் கன்று முதல் கோடையைத் தாண்ட வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் டிசம்பரோடு பெருமழை ஓய்ந்துவிடும். அதன்பின் நாம் ஊற்றும் நீர்தான் அதற்கு உயிர்.

தொட்டிச் செடிகள்

தினமும் ஊற்றியாக வேண்டும் என்பதில்லை. மண்ணுக்குள் விரலை இரண்டு கணு அளவு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வெளியேறும்வரை நிதானமாக ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை வைத்திருக்கும்.

உச்சி வெயிலில் வாடிய இலை மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வாட்டம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அப்போது மேலும் ஊற்றினால் செடி போய்விடும்.

தரையில் நட்டவை

தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனையும், வேரும் மேலேயே நின்றுவிடும். கன்று வேர்பிடித்த பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் நீரை மெதுவாக ஊற்றுவது நல்லது. வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். மணற்பாங்கான செம்மண்ணில் இடைவெளியைக் குறைக்கலாம், களிமண்ணில் கூட்டலாம். தண்டை ஒட்டாமல் சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டி, வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்புங்கள். சுப்ஹுக்குப் பிறகோ அஸருக்குப் பிறகோ ஊற்றினால் ஆவியாவது குறையும்.

வேருக்குக் காற்றும் தேவை. 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அப்படி நீர் தேங்கினால் உடனே பாத்தியை உடைத்து வடித்துவிட வேண்டும்.

ஒளு செய்த தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குள், ஒளு செய்திருக்கிறார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பல மடங்கு செலவழிக்கிறோம். ஒருவருக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும், 50 பேர் தொழ வந்தால் ஒரு வேளைக்கு 100 லிட்டர். சோப்பு கலக்காத இந்த நீர் செடிகளுக்கு ஏற்றது. கழிவறை நீர் கலக்காதபடி தனி வாய்க்கால் வெட்டிக் கன்றுகளுக்குத் திருப்பிவிட ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டுக்கு ஒரு கன்றை அடுத்த மழை வரை பொறுப்பேற்றுக் காப்போம். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.