டச்சுக்காரர் விட்டுப்போன ரொட்டி

கொச்சியில் காலை மேசைக்கு நல்ல புரூதர் வாங்க வேண்டுமானால் கடையும் தெரிந்திருக்க வேண்டும், நாளும் தெரிந்திருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் காலை ஏழு மணிக்குப் பசி எடுத்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அரிசியும் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் பஜார் ரோட்டை விட்டு எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஆவி பறக்கப் புட்டும் கடலைக்கறியும் கிடைக்கும். அப்பமும் இஷ்டுவும் கிடைக்கும். ஜெயின் கோவில் இருக்கும் குஜராத்தி ரோட்டில் ஜிலேபியும் காரவகைகளும் காத்திருக்கும். இட்லி தோசைக்குப் பஞ்சமே இல்லை. கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, தமிழ், உருது, மலையாளம் என்று அடுத்தடுத்த தெருக்களில் ஆறேழு மொழிகள் பேசும் ஊர் இது. ஒரே பசிக்கு ஒவ்வொரு தெருவும் ஒரு பதில் வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு பண்டத்தைத் தேடி வருகிறவர் மட்டும் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். மட்டாஞ்சேரியை விட்டு வடமேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் போனால் ஃபோர்ட் கொச்சி. அங்கே ஓரிரு பழைய பேக்கரிகளில், அதுவும் நாள் பார்த்துப் போனால், அந்தப் பண்டம் கிடைக்கும். பெயர் புரூதர். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, உலர்ந்த திராட்சை சேர்த்து ஈஸ்ட்டால் பொங்க வைத்துச் சுட்டது. ரொட்டி என்றால் கொஞ்சம் கேக் மாதிரி இருக்கும். கேக் என்றால் கொஞ்சம் ரொட்டி மாதிரி இருக்கும்.

கொச்சியில் பிறந்த பண்டமல்ல இது. ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தது.

டச்சுக்காரர்கள் தமிழர்களுக்கு அந்நியரல்ல. பழவேற்காட்டில் 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள்தான். நாகப்பட்டினத்தை 1658ல் போர்த்துகீசியரிடமிருந்து பறித்து 1781 வரை வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். தமிழில் அவர்கள் விட்டுப்போன சொற்களில் இரண்டு இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று துட்டு, இன்னொன்று கக்கூஸ். கொச்சிக்கு அதைவிட ருசியான ஒன்று கிடைத்தது.

கொச்சிக் கோட்டை 1663 ஜனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1795ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொள்ளும்வரை, 132 ஆண்டுகள், அது டச்சுக் கோட்டை. 1814ல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஹாலந்து கொச்சியை முறைப்படி விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு அதற்குக் கிடைத்தது சுமத்ராவுக்குப் பக்கத்தில் வெள்ளீயம் விளையும் பாங்கா தீவு. அதிகாரிகளும் சிப்பாய்களும் கப்பலேறினார்கள். உள்ளூரில் மணந்து உள்ளூரிலேயே வேர்விட்ட குடும்பங்கள் நின்றுவிட்டன. அவர்களோடு அவர்களது ஞாயிற்றுக்கிழமைக் காலையும் நின்றுவிட்டது.

கம்பெனியின் காலத்தில் கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. அது தமிழ்க் கூட்டம். சிப்பாய்களின் துணிகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார்களை டச்சுக்காரர்கள் அழைத்துவந்தார்கள் என்பது ஃபோர்ட் கொச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. அவர்களின் வாரிசுகள் வெளி பகுதியில் உள்ள தோபிகானாவில் துவைத்துக் காயப்போட்டு வந்திருக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976ல் வந்தது. சட்டைக்குச் சொந்தக்காரர்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வெளுத்தவர்களின் குடும்பம் ஊரை விட்டுப் போகவில்லை.

புரூதரின் பூர்வீகம் ஹாலந்தின் வடமேற்குக் கரை. ‘புரூடர்’ என்றால் டச்சு மொழியில் சகோதரன். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இதே பெயரில் ஒரு களி உண்டு. மாவையும் ஈஸ்ட்டையும் திராட்சையையும் பிசைந்து, துணிப் பையில் கட்டி, கொதிக்கும் நீரில் வேக வைப்பார்கள். துண்டு போட்டு வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அச்சில் ஊற்றிச் சுடுவதும் உண்டு. 1602ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன. அவற்றில் ஹோர்ன், என்க்ஹாய்சன் என்ற இரண்டு துறைமுகங்கள் இதே கரையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து புறப்பட்ட கப்பல்களில் இருந்தவர்களுக்கு வீட்டு நினைவு வந்தபோது என்ன சாப்பாடு நினைவுக்கு வந்திருக்கும் என்று யூகிப்பது கடினமல்ல.

கம்பெனி போன இடமெல்லாம் இந்தச் ‘சகோதரனும்’ போயிருக்கிறான். மலாக்காவில் அவன் பெயர் ‘புளூடா’. இந்தோனேசியாவில் ‘புளுடர்’. சுலவேசித் தீவின் மனாடோவில் ஈஸ்ட்டுக்குப் பதிலாகப் பனங்கள் ஊற்றி மாவைப் பொங்கவைத்தார்கள். ஜாவாவின் மடியுன் நகரத்துக்குப் போகிறவர்கள் திருநெல்வேலி அல்வா மாதிரி புளுடரை டப்பாவில் வாங்கி ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். கொழும்பில் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு காலை மேசையில் புரூதர் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை. சிவப்பு மெழுகு பூசிய எடாம் பாலாடைக்கட்டியைச் சீவி, வெண்ணெய் தடவிய துண்டின் மேல் வைத்துச் சாப்பிடுவது அங்கத்திய வழக்கம்.

கொச்சி வழக்கம் வேறு. இங்கே திராட்சை இனிக்கும் ரொட்டிக்குத் துணை பாலாடைக்கட்டி அல்ல. தேங்காய்ப்பாலில் கொதித்த மீன் மோலியோ காரமான இறைச்சிக் கறியோ பக்கத்தில் இருக்கும். வெறும் வாழைப்பழத்தோடும் சாப்பிடுவார்கள். இனிப்பையும் காரத்தையும் ஒரே வாயில் போடுவது வெளியூர்க்காரருக்கு விநோதமாகத் தெரியலாம். கேசரியோடு மிளகாய்ப் பொடி இட்லியைச் சாப்பிட்டுப் பழகிய தமிழருக்கு அதிர்ச்சி இருக்காது.

ஃபோர்ட் கொச்சியில் இந்த ரொட்டியால் பெயர் பெற்ற கடை குவாலிட்டி பேக்கரி. எந்தக் கடையானாலும் நல்ல புரூதரைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு.

முதல் சோதனை விரல். மேலே லேசாக அழுத்தினால் குழி விழுந்து மெல்ல எழுந்து வர வேண்டும். எழாமல் அமுங்கியே இருந்தால் பழசு, அல்லது உள்ளே வேகவில்லை. அடுத்தது கத்தி. வெட்டும்போது கேக் போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது ஈஸ்ட்டில் பொங்கியதல்ல, பேக்கிங் பவுடரில் உப்பியது. திராட்சை போட்ட கேக் என்று வேண்டுமானால் அதைச் சாப்பிடலாம். உண்மையான புரூதர் இழை இழையாகப் பிரியும்.

மூன்றாவது மூக்கு. சர்க்கரையும் கொழுப்பும் அதிகமாகச் சேர்ந்த மாவில் ஈஸ்ட் மந்தமாகத்தான் வேலை செய்யும். சாதாரண ரொட்டி மாவு பொங்கும் நேரத்தில் இது பாதிகூடப் பொங்காது. அவசரக்காரர்கள் ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள். வெட்டியவுடன் புளித்த பீர் வாடை தூக்கினால் அந்த அவசரம் தெரிந்துவிடும். பொறுமையாகப் பொங்கியதில் வெண்ணெயும் முட்டையும்தான் மணக்கும்.

நான்காவது நாக்கு. வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டிருந்தால் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டும். வெண்ணெய் வாயின் சூட்டிலேயே உருகிவிடும், வனஸ்பதி உருகுவதற்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்பதே காரணம். கடைசியாகத் திராட்சை. எல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருந்தால் மாவு நீர்த்துப்போயிருந்தது என்று அர்த்தம்.

இத்தனை சோதனையிலும் தேறினாலும் சுட்ட அன்றே வாங்கினால்தான் ருசி. மறுநாள் காய ஆரம்பிக்கும். அப்போது துண்டு போட்டு வாட்டி, சூட்டோடு வெண்ணெய் தடவினால் தப்பிக்கலாம். மூன்றாம் நாள் பால், முட்டை ஊற்றிப் புட்டிங் செய்வதுதான் வழி.

புரூதரின் சங்கடமே இந்த ஒரு நாள் ஆயுள்தான். ஆங்கிலேயர் காலத்துப் பிளம் கேக்கோடு ஒப்பிட்டால் இது புரியும். தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880ல் பேக்கரி தொடங்கி, 1883ல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக முதல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டார் என்பது கேரளம் பெருமையோடு சொல்லும் கதை. இன்று டிசம்பர் வந்தால் மதம் பார்க்காமல் கேரளம் முழுக்கப் பிளம் கேக் விற்கிறது. சாராயத்தில் ஊறிய பழமும் கனத்த சர்க்கரையும் அதை வாரக்கணக்கில் காப்பாற்றும். நவம்பரிலேயே சுட்டு அடுக்கலாம், லாரியில் ஏற்றலாம், துபாய்க்கு அனுப்பலாம். புரூதரை அப்படிச் செய்ய முடியாது. முதல் நாள் மாவு பிசைந்து, விடியற்காலையில் சுட்டு, அன்றே விற்றாக வேண்டும். விற்காதது நஷ்டம்.

ஆகவே பேக்கரிக்காரரின் கணக்கு எளிது. வெண்ணெயும் முட்டையும் விலை ஏறுகின்றன. அதே அடுப்பில், அதே நேரத்தில், பஃப்ஸும் பன்னும் பல மடங்கு விற்கும். நிச்சயமான வாடிக்கையாளர்கள் இருக்கும் நாள்களில், புனித வாரத்திலும் ஈஸ்டர், கிறிஸ்துமஸ் சமயத்திலும், புரூதர் சுடுவது கட்டுப்படியாகும். மற்ற நாள்களில் அது பாசத்துக்காகச் செய்யும் காரியம்.

அந்த நிச்சயமான வாடிக்கையாளர்கள்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். தந்தை வழியில் ஐரோப்பிய வம்சம் கொண்டவர்கள் என்ற முறையில் கொச்சியின் டச்சு வழிக் குடும்பங்களும் அரசியல் சட்டத்தின் கணக்கில் ஆங்கிலோ-இந்தியர்களே. சுதந்திரத்துக்குப் பிறகு இச்சமூகத்தின் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. லோக்சபாவில் இரண்டு, கேரள சட்டசபையில் ஒன்று என்று இவர்களுக்கு இருந்த நியமன இடங்களும் 104வது அரசியல் சட்டத் திருத்தத்தின் விளைவாக 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. மட்டாஞ்சேரி இதை முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறது. 1568ல் கட்டிய பரதேசி சினகாக் இன்னும் நிற்கிறது. அதைக் கட்டிய யூதச் சமூகத்தார் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் பிழைத்தது. அவர்கள் வீட்டுச் சமையல் தெருவில் மணப்பது நின்றுவிட்டது.

புரூதருக்கும் அதே கதிதான் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கொழும்பு வேறு பாதையைக் காட்டுகிறது. அங்கேயும் 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பறங்கியர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். ஆனால் 1908ல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் இன்னும் இருக்கிறது. அதைவிட முக்கியம், டிசம்பரில் நகரத்துப் பேக்கரிகள் புரூதர் சுடுகின்றன. வாங்குகிறவர்களில் பறங்கியர் கொஞ்சம், சிங்களவரும் தமிழரும் மீதி. வீட்டில் செய்கிறவர்களுக்கும் அங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. பேக்கரியிலிருந்து பிசைந்த ரொட்டி மாவை எடைக்கு வாங்கிவந்து, அதில் வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, திராட்சை சேர்த்து மறுபடி பிசைந்து பொங்க வைப்பார்கள். சமூகம் சுருங்கியும் பண்டம் பிழைத்ததற்குக் காரணம், அது ஒரு சமூகத்தின் சொத்தாக மட்டும் இருப்பதை நிறுத்திக்கொண்டதுதான்.

கொச்சியில் அது நடக்க வாய்ப்பில்லாமல் இல்லை. ஃபோர்ட் கொச்சியின் தெருக்களில் சுற்றுலாப் பயணிகள் வலம் வருகிறார்கள். 2012ல் தொடங்கிய பினாலே கலைக் கண்காட்சி மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குள் கூட்டத்தைக் கொண்டுவந்தது. இவர்களில் பெரும்பாலோர் விடுதியில் தோசையோ ஆம்லெட்டோ சாப்பிட்டுவிட்டு டச்சு அரண்மனை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அரண்மனையோ 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் செய்தது பழுதுபார்ப்பு மட்டுமே. உண்மையில் டச்சான பண்டம் சற்றுத் தொலைவில் பேக்கரி அடுப்பில் வெந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கொச்சிக்குப் போகிறவர்கள் முதல் நாளே பேக்கரியில் விசாரித்து, எந்த நாள் சுடுவார்கள் என்று கேட்டு, முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. முன்பதிவு என்பது பேக்கரிக்காரருக்கு நஷ்டபயம் இல்லாத ரொட்டி. பத்துப் பேர் சொல்லி வைத்தால் பதினைந்து சுடத் துணிவார்.

மட்டாஞ்சேரி அரண்மனையைத் தொல்பொருள் துறை காக்கிறது. 1724ஆம் ஆண்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு மதில் இருக்கிறது. புரூதரைக் காக்கத் துறையும் இல்லை, மதிலும் இல்லை. காலையில் பசியோடு வந்து, இன்று புரூதர் இருக்கிறதா என்று கேட்பவர்கள்தான் இருக்கிறார்கள்.